தாவும் போன், தூக்கும் டவர்

என் பிறந்தகம் தென்கலை, புக்ககம் வடகலை. எங்கள் காலத்து ஸ்ரீரங்கத்தில் அப்படியொரு சம்பந்தம் அபூர்வம். பெருமாளை ஒரு தடவை சேவித்தால் போதுமா, திரும்பத் திரும்பச் சேவிக்க வேண்டுமா, திருவாராதனத்தில் மணி அடிப்பதா கூடாதா என்பதெல்லாம் கல்யாணமான புதிதில் எனக்கு நித்தியச் சங்கடங்கள். மாமியார் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். நான் பக்கத்தில் நின்றால் மணியை மட்டும் கொஞ்சம் அழுத்தி அடிப்பார். இவையெல்லாம் வெளியே தெரிகிற அடையாளங்கள்தான் என்பது நாளாவட்டத்தில் புரிந்தது. அடியில் கிடப்பது ஒரே வழக்கு. ஜீவன் கரையேற வேண்டுமானால் யார் யாரைப் பிடித்துக்கொள்ள வேண்டும்? ஜீவன் பெருமாளையா, பெருமாள் ஜீவனையா?

இதற்கு எல்லாரும் சொல்வது குரங்கும் பூனையும். தாய்க்குரங்கு கிளைக்குக் கிளை தாவும்போது குட்டிதான் அதன் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். அது மர்க்கட நியாயம், வடகலை. பூனை தன் குட்டியைத் தானே வாயால் கவ்விக்கொண்டு போகும், குட்டிக்கு ஒரு பொறுப்பும் இல்லை. அது மார்ஜார நியாயம், தென்கலை. உபன்யாசத்தில் இதைச் சொன்னால் சபை சிரிக்கும், மேலே போய்விடலாம். ஆனால் இரண்டு பக்கத்து ஆசார்யர்களும் இவ்வளவு மொட்டையாகப் பேசியவர்கள் இல்லை. குட்டியின் பிடிதான் தாயை நடத்துகிறது என்று வடகலையின் வேதாந்த தேசிகர் சொல்லவில்லை. கிருபை பெருமாளுடையதே, ஆனால் அது ஒருவன்மேல் பாய ஒரு சாக்கு, ஒரு வ்யாஜம், அவனிடமிருந்து வந்தாக வேண்டும் என்றார். அது இல்லையென்றால் ஒருவனுக்கு மோக்ஷம் கொடுத்து அடுத்தவனை விட்டுவைக்கிற பெருமாள் பக்ஷபாதி ஆகிவிட மாட்டாரா? தென்கலையின் பிள்ளை லோகாசார்யர் வழி வேறு. ஜீவன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, வருகிற கையைத் தள்ளிவிடாமல் இருந்தால் போதும். சாக்கு என்று எதை வைத்தாலும் அது விலையாகிவிடும், கிருபை வியாபாரமாகிவிடும் என்று அந்தப் பக்கத்தார் வாதிப்பார்கள். இரண்டும் கனமான வாதங்கள். எழுநூறு வருஷத்துப் பழசாகியும் ஒன்றை ஒன்று சாய்க்கவில்லை.

இந்த வழக்கை நான் வீட்டில் யோசித்ததைவிட ஆபீஸில் யோசித்தது அதிகம். ஓய்வு பெறும்வரை தொலைபேசித் துறையில் இன்ஜினியராக இருந்தேன்; பிற்பாதி முழுக்க மொபைல் டவர்களோடு. ஆனால் வழக்கு சரியாகப் பிடிபட்டது ஆபீஸில் அல்ல, எங்காத்து ரூட்டரை மாற்றியபோதுதான்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெருமாள்தான் வைஃபை, பக்திதான் பாஸ்வேர்டு, ஆசார்யன்தான் ரூட்டர் என்று தாமரைப்பூ படத்தோடு காலையில் வாட்ஸ்அப்பில் வருகிறதே, அந்த ரகத்தில் இதைச் சேர்த்துவிடாதீர்கள். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிற பெருமாளை எந்தக் கலையும் ஒப்புக்கொள்ளாது. நான் சொல்ல வருவது வேறு. ஒரு பெரியதற்கும் ஒரு சிறியதற்கும் நடுவில் உள்ள தொடர்பு தளரும்போது, அடுத்தது என்ன என்று முடிவெடுக்க வேண்டியது யார் என்ற கேள்வி இன்ஜினியர்களுக்கும் வந்தது. அவர்கள் மர்க்கடத்தையும் மார்ஜாரத்தையும் கேள்விப்பட்டதில்லை. இருந்தும் இரண்டு விடைகளையும் தனித்தனியாகக் கட்டி ஓடவிட்டிருக்கிறார்கள். எது எங்கே அறுகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

எங்கள் வீடு உத்தர வீதியில் ஒரு பழைய நீளவீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, அடுக்களை, கொல்லை என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் ஒவ்வொன்றும் ஒன்றரை அடிக் கனம். ஃபைபர் வாசல் வழியாக வந்து ரேழியில் முடிகிறது. இணைப்புக் கொடுத்த அன்று வைத்த ரூட்டர் அங்கேயே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. பெருமாள் உள் இரண்டாம் கட்டில். அதற்கு எதிரே ஊஞ்சலில் உட்கார்ந்துதான் என் ஆத்துக்காரர் தேசிகரின் ரஹஸ்யத்ரயஸார காலக்ஷேபத்தை ஆன்லைனில் கேட்பார். நான் அடுக்களைப் பக்கம் முக்காலியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஸ்ரீவசனபூஷணம் கேட்பேன். சனிக்கிழமைகளில் இரண்டும் ஒரே நேரம். ஸ்வாமி ஒரு வாக்கியத்தை முடிக்கப்போகிற தறுவாயில் படம் உறைந்துபோகும். வாயைத் திறந்தபடி, ஒரு விரலைத் தூக்கியபடி அப்படியே நிற்பார். திரும்பி வரும்போது அடுத்த பாராவுக்குப் போயிருப்பார். "முக்கியமான இடத்துலதான் போறது பாரு" என்பார் அவர். எனக்கும் அதே இடம்தான் போகும்.

மார்கழியில் நிலைமை இன்னும் மோசம். பகல்பத்து, இராப்பத்து என்று உற்சவம் நடக்கிற நாட்களில் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் பத்து விருந்தாளிகள், ஆளுக்கொரு போன். எங்கள் பழைய ரூட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசுகிற ஜாதி. அந்த அலைவரிசையை யாரும் லைசென்ஸ் வாங்காமல் பயன்படுத்தலாம் என்று இந்தியாவில் 2005-ல் திறந்துவிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதில் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் எல்லா வீட்டு ரூட்டர்களும் அந்த மூன்றுக்குள் நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும். வைஃபையின் விதி, பேசுவதற்கு முன் கேட்பது. வேறு யாராவது பேசினால் வாயை மூடிக்கொண்டு, கொஞ்சம் காத்திருந்து, மறுபடி கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். தெரு முழுக்க மரியாதையாகக் காத்திருந்தால் யாருக்கும் காலக்ஷேபம் நடக்காது.

ஃபைபர்காரப் பையன் வந்து பார்த்தான். "மாமி, இது சிங்கிள் பேண்ட். டியூயல் பேண்ட் வாங்கிப் போட்டுடுங்க" என்றான். சரியான யோசனை. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், தெருச்சண்டை குறைவு. ஆனால் அந்த அலை சுண்ணாம்புச் சுவரைத் தாண்டுவதில் 2.4-ஐவிடச் சோப்ளாங்கி. ரேழியில் ராஜாவாக இருக்கும். அடுக்களைக்கு வந்து சேராது. திருச்சியில் கடைக்காரர் ஆறு ஆன்டெனா வைத்த பெட்டி ஒன்றைக் காட்டினார். "இதைப் போட்டா தெருக்கோடி வரைக்கும் வரும் மேடம்." வரும். எனக்கு வேண்டியது அதுவல்ல.

வீட்டு ரூட்டர் காற்றில் விடுவது 100 மில்லிவாட் அளவு. அது சுவர்களைக் கடந்து பின்கட்டுப் போனுக்கு வரும்போது மைனஸ் 70 டிபிஎம் என்று காட்டுகிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால், புறப்பட்டதில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு போதும், படம் ஓடும். முதல்முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட பிரமிப்பு இன்னும் போகவில்லை. சிக்கல் அந்தப் பக்கத்திலிருந்து வருவதில் இல்லை, இந்தப் பக்கத்திலிருந்து போவதில். போன் பாட்டரியில் ஓடுகிறது. ரூட்டரைவிடச் சன்னமாகத்தான் பேசும். அதன் குரலும் அதே சுவர்களைத் தாண்ட வேண்டும். அதனால்தான் திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும், ஒன்றும் நகராது. ரூட்டர் பேசுவது நமக்குக் கேட்கிறது. நாம் பேசுவது ரூட்டருக்கு எட்டவில்லை. ரூட்டரை எவ்வளவு பெரிதாக்கினாலும் இதில் பாதிதான் தீரும். மீதி தீர அது கிட்டத்தில் வர வேண்டும்.

இந்த இடத்தில் எனக்கு ஸ்ரீவசனபூஷணம் ஞாபகம் வந்தது. பெருமாளின் ஐந்து நிலைகளைப் பிள்ளை லோகாசார்யர் தாகமெடுத்தவனுக்கு முன்னால் உள்ள தண்ணீர்களாக வரிசைப்படுத்துவார். வைகுண்டத்துப் பரநிலை அண்டத்துக்கு வெளியே சூழ்ந்திருக்கிற நீர். வ்யூஹம் பாற்கடல். ராமனும் கிருஷ்ணனும் பெருக்கெடுத்து ஓடிய ஆறு; அந்தக் காலத்தில் கரையில் நின்றவர்கள் குடித்தார்கள். அந்தர்யாமி பூமிக்கடியில் உள்ள ஊற்று, தோண்டத் தெரிந்தவனுக்கு உண்டு. அர்ச்சாவதாரம், கோயிலில் நிற்கிற திருமேனி, ஆறு வடிந்தபின் அங்கங்கே தேங்கி நிற்கிற மடு. எவனும் குனிந்து அள்ளலாம். சக்தியில் எது பெரிது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. எது எட்டும் என்பதுதான் கேள்வி. இதில் தேசிகருக்கும் வேறு கருத்து கிடையாது. வரதராஜன் பேரிலும் ரங்கநாதன் பேரிலும் உருகியவர் அவர்.

ஆக, ஆறு ஆன்டெனாவை அங்கேயே விட்டுவிட்டு, ஜோடியாக வரும் சின்ன டியூயல் பேண்ட் பெட்டிகள் இரண்டை வாங்கிவந்தோம். ஒன்று ரேழியில், ஒன்று இரண்டாம் கட்டில். அண்ணா பிள்ளை வந்து உத்தரத்தை ஒட்டி ஒரு கேட்-6 கேபிளைக் கிளிப் அடித்து இழுத்தான். "கேபிள் இல்லாமலே ரெண்டும் பேசிக்கும் அத்தை" என்றான். பேசிக்கொள்ளும், ஆனால் அந்தப் பேச்சும் அதே சுவர்களைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். கேபிளே இருக்கட்டும் என்றேன்.

ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டவரை ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் நடக்கிற பேர்வழி. ரேழியில் செருப்பைக் கழற்றும்போதே காலக்ஷேபத்தைப் போட்டுக்கொண்டு பின்கட்டுக்கு வருவார். முற்றம் தாண்டியதும் ஸ்வாமியின் குரல் விட்டுவிட்டு வரும். இத்தனைக்கும் தலைக்கு மேலே புதுப் பெட்டி பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது. போன் அதைச் சட்டை செய்யாமல், சுவர்களுக்கு அந்தப் பக்கம் ரேழியில் இருப்பதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நெட்வொர்க்காரர்கள் இதை ஸ்டிக்கி கிளையன்ட் என்று அலுத்துக்கொள்வார்கள்.

போனைக் குற்றம் சொல்வதற்கில்லை. வைஃபையின் ஏற்பாடே அப்படி. எதோடு சேர்வது, எப்போது விடுவது, அடுத்தது எது என்பதையெல்லாம் தீர்மானிப்பது போன். ரூட்டர் நொடிக்குக் கிட்டத்தட்ட பத்துத் தடவை, வழக்கமான அமைப்பில் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, தன் பெயரைச் சொல்லி இங்கே இருக்கிறேன் என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். பீக்கன் என்று பெயர். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாலும் அது நிற்காது. கேட்டவர்கள் வந்து பற்றிக்கொள்ள வேண்டியதுதான். சில போன்கள் சிக்னல் மைனஸ் 70-க்குக் கீழே இறங்கினால்தான் வேறு இடம் தேடவே தொடங்கும். தேடினாலும் புதியது 8 அல்லது 12 டெசிபெல் கூடுதலாக இருந்தால்தான் மாறும். 802.11வி என்று ஒரு தரம் உண்டு. அதில் ரூட்டரே போனிடம் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது, அங்கே போ என்று சொல்லலாம். சொல்லலாம், அவ்வளவுதான். கேட்பதும் கேட்காததும் போனின் இஷ்டம். சாக்ஷாத் மர்க்கட நியாயம்.

நான் ஆபீஸில் பார்த்தது இதற்கு நேர்மாறு. டிரைவ் டெஸ்ட் என்று போவோம். ஜீப்பின் பின்சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, டெஸ்ட் போனில் ஓர் அழைப்பைப் போட்டுவிட்டு, துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம் என்று தஞ்சாவூர் வரை அது எங்காவது அறுகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். திரையில் ஓடுவதைப் பார்க்கப் பார்க்க அலுக்காது. ஜிஎஸ்எம்மில், அழைப்பில் இருக்கிற போன் 480 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை ஒரு ரிப்போர்ட் அனுப்பும். இப்போதிருக்கும் டவர் எனக்கு இவ்வளவு கேட்கிறது, சுற்றுவட்டாரத்தில் பலமாகக் கேட்கிற டவர்கள் இவை என்று ஆறு வரை. அதோடு அதன் பங்கு முடிந்தது. அது எதையும் கோருவதில்லை. டவர்களுக்கு மேலே உள்ள கட்டுப்பாட்டு நிலையம், பிஎஸ்சி என்போம், அதுதான் எல்லாவற்றையும் பார்க்கிறது. அடுத்த டவரில் இடம் இருக்கிறதா என்பது போனுக்குத் தெரியாது, பிஎஸ்சிக்குத் தெரியும். அங்கே முதலில் ஓர் இடத்தை ஒதுக்கித் தயாராக்கி வைத்துவிட்டு, பிறகுதான் போனுக்கு வா என்று உத்தரவு போகும். ஹேண்ட்ஓவர் ஆகிவிட்டது என்பது பேசிக்கொண்டிருக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற வண்டியில் இருப்பவரை இப்படித்தான் சுமந்துகொண்டு போகிறார்கள். அந்த வேகத்தில் போனை நம்பி விட்டிருந்தால் செங்கிப்பட்டிக்கு முன்பே அறுந்திருக்கும்.

கீதையின் கடைசி அத்தியாயத்தில் இந்த இரண்டு ஏற்பாடும் அடுத்தடுத்து வருவது எனக்கு எப்போதும் வியப்பு. 63-வது சுலோகத்தில் கிருஷ்ணன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நன்றாக யோசித்து உனக்கு எது இஷ்டமோ அதைச் செய் என்கிறான். முடிவு அர்ஜுனன் கையில். மூன்றே சுலோகம் தள்ளி 66-ல் சரம சுலோகம்: எல்லாவற்றையும் விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன், வருத்தப்படாதே. நடுவில் அர்ஜுனன் ஒரு வார்த்தை பேசவில்லை. இஷ்டப்படி செய் என்று விட்டவன் அர்ஜுனன் முகத்தில் எதைப் பார்த்து மனசு மாறினான்? உரைகாரர்கள் பல விதமாகச் சொல்வார்கள். தன் இஷ்டத்தில் விட்டதும் அவன் திகைத்துப்போனான், அந்தத் திகைப்பே போதுமானதாக இருந்தது என்பது என் கருத்து. அது முயற்சி அல்ல; தன் நிலை இது என்று வெளியே தெரிந்துபோனது, அவ்வளவுதான்.

இதை அவரிடம் சொன்னேன். டவர்க் கதையையும் சேர்த்து.

"அந்த ரிப்போர்ட் அனுப்பறதே, அதுதான் வ்யாஜம்" என்றார் உடனே.

"அது போனோட ஸ்வபாவம்னா. அனுப்பணும்னு அது ஒண்ணும் சங்கல்பம் பண்ணிக்கலையே."

"சரி, கால் போட்டது யாரு? டவரா?"

"இன்கமிங் கால் வந்தா? அப்போ டவர்தானே தேடிண்டு வர்றது?"

ஊஞ்சலை இரண்டு ஆட்டு ஆட்டினார். "வந்தா எடுக்கணுமோல்லியோ?"

நல்ல கேள்வி. வழக்கு எழுநூறு வருஷமாக நிற்கிற இடமே அதுதான். வருகிறதை எடுப்பது ஒரு செயலா, அல்லது தள்ளாமல் இருப்பது மட்டுமா? மற்ற பேதங்கள் எல்லாம் இந்த மெல்லிய கோட்டிலிருந்து முளைத்தவை. அன்று அவர் அதோடு விடவில்லை. 1323-ல் டில்லிப் படை வந்தபோது உற்சவமூர்த்தி நம்பெருமாளை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து புறப்பட்டது யார் என்று கேட்டார். பிள்ளை லோகாசார்யர். முதிர்ந்த வயதில், மதுரைக்குப் பக்கம் ஜோதிஷ்குடி வரை கொண்டுபோய், அங்கேயே பரமபதித்தார். "பெருமாள் தூக்கிண்டு போவார்னு சொன்னவர், பெருமாளையே தூக்கிண்டு போயிருக்காரே?" வடகலைக்காரர்கள் இதை இன்னும் நயமாகப் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறார்களே என்று எனக்கே தோன்றியது. அதே சமயம் தேசிகர் ஸ்ருதப்ரகாசிகைச் சுவடியையும் அதை எழுதிய சுதர்சன சூரியின் பிள்ளைகளையும் காப்பாற்றிக் கன்னட தேசத்துக்குக் கொண்டுபோனார் என்கிறது குருபரம்பரை. நம்பெருமாள் திரும்பி வந்தது 1371-ல்.

என் பதில் இதுதான். தூக்கிக்கொண்டு போனது தான் கரையேறுவதற்காக அல்ல. அது கைங்கர்யம். கிருபைக்கு விலையாக ஒன்றும் செய்யாதே என்று சொன்னவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. நம்மவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பூனைக்குட்டி என்று சொல்லிக்கொண்டு சோம்பேறியாக இருப்பதற்கு ஸ்ரீவசனபூஷணத்தில் சலுகை கிடையாது. தன் முயற்சியை விட்டவர்களுக்குப் பிள்ளை லோகாசார்யர் காட்டும் உதாரணங்களைப் பாருங்கள். ராவணனை எரிக்கச் சக்தி இருந்தும் அதை விட்ட சீதை. இரண்டு கையையும் தூக்கிய திரௌபதி. திருக்கண்ணமங்கை ஆண்டான். நாய்ச்சண்டையில் தன் நாயை அடித்தவனோடு ஒருவன் சண்டையிட்டு உயிரையே விட்டதைப் பார்த்தவர் அவர். தன் நாய் என்ற அபிமானத்துக்கே ஒரு மனுஷன் இப்படி என்றால் பெருமாள் என்ன செய்யமாட்டார் என்று, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் கவலையை விட்டு, கோயில் வாசலிலேயே கிடந்தார். இந்த மூவரும் சோம்பேறிகளா? சீதையை முதுகில் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று ஒரு குரங்கே முன்வந்தபோதும் அவள் வேண்டாம் என்றாள் என்பதை இங்கே ஞாபகப்படுத்தினேன். அவர் சிரித்துவிட்டார்.

முற்றம் தாண்டினால் குரல் அறுகிற சங்கதி அப்படியே இருந்தது. அதற்கு மருந்து நான் படித்த தொழிலில் உண்டு. புதிதாகக் கேட்பவர்களுக்கு விபரீதமாகத் தோன்றும். ரேழிப் பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் டிரான்ஸ்மிட் பவரைக் குறைத்தேன். அதன் குரல் சன்னமானதும் போன் முற்றத்திலேயே சிக்னல் போதவில்லை என்று கண்டுகொண்டு, வேறு தேடி, பின்கட்டுப் பெட்டிக்கு மாறிவிடுகிறது. காலக்ஷேபம் இப்போது வாசலிலிருந்து ஊஞ்சல் வரை ஒரு சொல் விடாமல் வருகிறது. பெருமாளும் இப்படிக் குரலைக் குறைத்ததுண்டு. ராஸத்தின் நடுவில் கிருஷ்ணன் மறைந்துபோனதையும், நம்மாழ்வார் மனசில் தோன்றிவிட்டு விலகிப் பதிகம் பதிகமாக அழவைத்ததையும் உரைகாரர்கள் கோபமென்று எடுத்துக்கொள்வதில்லை. ஆர்த்தியை, அந்த ஏக்கத்தை, வளர்க்க விலகினான் என்பார்கள். எங்கள் வீட்டிலும் விலகியது ஒன்று, கிட்டத்தில் காத்திருந்தது வேறொன்று என்று இல்லை. இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், உள்ளே ஓடுவது ஒரே இழை.

என் தீர்ப்பு இதிலிருந்து வந்ததுதான். போனைக் கேட்டால், நானே தேடினேன், நானே பிடித்தேன் என்று சொல்லும். பொய்யில்லை, தாவியது அதுதான். ஆனால் தாவுவதற்கு முன்பே ரேழிப் பெட்டியின் சக்தியைக் குறைத்து, பின்கட்டுக்குக் கேபிள் இழுத்து, அங்கே ஒன்றைத் தயாராக வைத்தது போனுக்குத் தெரியாது. குட்டியின் பிடி என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதற்கே ஒரு முன்கதை உண்டு. அந்த முன்கதை குட்டியினுடையது அல்ல. குரங்கு நியாயத்தை உள்ளே போய்த் துருவினால் பூனை உட்கார்ந்திருக்கிறது. ஆகவே நான் பிறந்தகத்துக் கட்சியில்தான் இருக்கிறேன். தேசிகரின் பக்ஷபாதக் கேள்விக்கு, அதாவது எல்லா வீட்டுக்கும் ஏன் இன்னும் கேபிள் இழுக்கவில்லை என்பதற்கு, என் பக்கத்தில் முழு விடை இல்லை. ஆத்துக்காரர் அதை ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். குரங்கு, பூனை என்று இரண்டு வார்த்தையில் இந்த வழக்கை முடித்துவிடாதீர்கள். ரஹஸ்யத்ரயஸாரம் 32 அதிகாரம். ஸ்ரீவசனபூஷணம் அதைவிடச் சின்னது, மணவாள மாமுனிகள் வியாக்கியானத்தோடு கிடைக்கிறது. இரண்டையும் ஓர் ஆசார்யரிடம் உட்கார்ந்து கேளுங்கள், எந்தக் கலையில் பிறந்திருந்தாலும். பழைய நீளவீட்டிலிருந்து ஆன்லைனில் கேட்பதாக இருந்தால், பெரிய ரூட்டருக்குக் காசைக் கொட்டாமல் பின்கட்டுக்கு ஒரு கேபிள் இழுத்து இரண்டாவது பெட்டியை வையுங்கள். முன்கட்டுப் பெட்டியின் பவரைக் குறைக்க மறக்காதீர்கள்.